மயக்கக் காற்று

பிப்ரவரி 4

டாக்டரம்மாவுக்கு,

நலம்தானே? நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதினால் உனக்குக் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். பிரிந்து இருக்கத் தொடங்கிய இந்த ஆறு வருஷத்தில் போனில் பேசிய ஒவ்வொரு முறையும் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்திருக்கிறது. காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போன மாதம் ஒரு ஆட்டத்தில் ஃபவுலுக்கு விசில் ஊதப் போனால் காற்று வரவில்லை. கை காட்டுகிறது, கன்னம் உப்புகிறது, சத்தம் மட்டும் இல்லை. இரண்டு அணிக்காரர்களும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகுதான் ரெஃப்ரி என்று ஒருவன் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கே அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டதாம். மாற்றியே ஆக வேண்டுமாம். இங்கே வசதி இல்லை என்று உங்கள் ஆஸ்பத்திரிக்கே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் வேறு ஆஸ்பத்திரியே இல்லை பார். போன வாரம் வந்தேன். நீ மாநாட்டுக்கு வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அப்பாடா என்று இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அறுவை செய்யப்போகிற பெரியவர் என் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதயத்தைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல சார். நுரையீரல்தான் பயமுறுத்துது. எத்தனை வருஷம் பிடிச்சீங்க?” என்றார். விட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். “அதுக்கு முன்னாடி?” என்றார். நான் கூரையைப் பார்த்தேன். “வால்வு நல்லா வேலை செஞ்சும் வென்டிலேட்டர்ல இருந்து எடுக்க முடியாமப் போகலாம். சொல்ல வேண்டியது என் கடமை” என்றார்.

என் அம்மாவுக்கு நடந்தது அதுதான். வால்வு மாற்றினார்கள், இதயம் கடிகாரம் போல ஓடியது, நுரையீரல் மட்டும் திரும்பி வரவே இல்லை. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உன்னிடம் இரண்டு கேள்வி. நான் பிழைப்பேனா? என்னைத் தூங்க வைப்பது நீயாக இருக்க முடியுமா? இரண்டாவதற்குப் பதில் எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன் என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
விசில்


பிப்ரவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை வார்டுக்குப் போகும் வழியில் பிரித்தேன். அன்று காலை யார் யாரைப் பார்த்தேன், என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டு உங்கள் படங்களைப் பார்த்தேன். பிழைப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சுலபமாக இருக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ‘விட்டு இரண்டு வருஷம்’ என்று அவரிடம் பெருமையாகச் சொன்னீர்களாமே. ஊதித் தள்ளிய முப்பது வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது?

நான் தூங்க வைக்க முடியாது. கட்டின புருஷனுக்கு மயக்கம் கொடுக்கிறவள் கை நடுங்கும் என்பதால்தான் அந்த விதி இருக்கிறது. பிரிந்திருந்தால் நடுங்காது என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. உங்கள் அக்கா மகன் ஆடின ஆட்டத்துக்கு நீங்கள் விசில் பிடிக்க மறுத்தீர்களே, அதேதான்.

அறுவையின்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயம் குறையும். வால்வை மாற்ற இதயத்தை நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு எந்திரம் ரத்தத்தை வாங்கி, அதில் ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்கு அனுப்பும். நுரையீரலுக்கு அப்போது வேலையே இல்லை. காற்று இறங்கிச் சுருங்கிக் கிடக்கும். அதன் பங்கு ரத்தமும் அதற்குச் சரியாகப் போகாது. எல்லாம் முடிந்து ரத்தத்தை மறுபடி திறந்துவிடும்போதுதான் ஆபத்து. இவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு இப்போது வந்து வேலை செய் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? உள்ளே வீக்கம் வரும், நீர் கோக்கும். நல்ல நுரையீரல் என்றால் இரண்டு நாளில் சமாதானமாகிவிடும். உங்களுடையது நல்ல நுரையீரல் இல்லை.

மயக்கத்தை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். நரம்பில் சொட்டு மருந்தாக ஏற்றலாம், அல்லது மூச்சில் காற்றாகச் செலுத்தலாம். அந்த மயக்கக் காற்றை இதயம் நின்றிருக்கும் நேரத்தில் எந்திரத்தின் வழியாகவும் கலந்து கொடுக்க முடியும். அது தூங்க வைப்பதோடு நிற்காமல் அந்த வீக்கத்தையும் குறைக்கிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கைதான், நிரூபணம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே ஒரு ஆய்வு நடத்துகிறேன். சம்மதிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொட்டு, பாதிப் பேருக்குக் காற்று. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உள்ளே இருக்கும் மயக்க டாக்டருக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது.

அம்மா போன மறு வருஷம் இதைத் தொடங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பீர்கள் என்று தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்களை அந்த ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். சேராதவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பது உள்ளே இருக்கிற டாக்டரின் விருப்பம். என்னிடம் படித்த ஒரு பையன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அவன்தான் உங்களுக்கு மயக்கம் கொடுப்பான். இப்போது அவனும் சீனியர்தான். உங்கள் நுரையீரலைப் பார்த்தால் அவனே காற்றைத்தான் எடுப்பான். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை.

மூன்று பந்து உள்ள கருவி ஒன்று கொடுத்திருப்பார்களே, அதைத் தினமும் செய்யுங்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நான்


பிப்ரவரி 20

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு பொறுமையா உனக்கு யாரு எடுத்துச் சொல்லுவா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்போதும் அவள் உன் கட்சிதான்.

அந்தப் பந்துக் கருவி சரியான ஏமாற்று வேலை. நேராக வைத்துக்கொண்டு ஊதினேன், ஒரு பந்துகூட அசையவில்லை. விசில் ஊதிப் பழகின வாய் என்னுடையது, இதுவா பெரிது என்று தம் கட்டி ஊதினேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். பிறகு யோசித்துக் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஊதினேன். மூன்று பந்தும் எகிறிப் போய் ஒட்டிக்கொண்டன! இப்போது காலையும் மாலையும் அப்படித்தான் செய்கிறேன். தயாரித்தவனுக்கே இந்த வழி தெரிந்திருக்காது.

ஆய்வு விஷயம். நீ எச்சரிக்கை எழுதுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு வந்தபோதே ஒரு பெண் வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். உன் பெயரையும் சொன்னாள். நீ எனக்கு யார் என்று நான் சொல்லவில்லை. “இதனால உங்களுக்கு நன்மை கிடைக்கும்னு நாங்க சொல்ல முடியாது சார். பின்னாடி வர்றவங்களுக்குப் பயன்படலாம்” என்றாள். இவ்வளவு நேர்மையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பேனாவை வாங்கிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஏழு வருஷம் முன்பு அம்மாவின் அறுவை நடந்த அன்று நாம் இருவரும் அறுவை அரங்குக்கு வெளியே அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. உங்கள் மயக்கப் பிரிவின் பெரியவர் முகமூடியை இறக்கிவிட்டு உன்னிடம் வந்தார். “ஆக்சிஜன் ஏற மாட்டேங்குதும்மா. நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டார். நீ, “சொந்தக்காரங்ககிட்ட கேக்காதீங்க சார். நீங்களே முடிவு பண்ணுங்க” என்றாய். உன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. உனக்கு ஏதோ தெரியும், விதிக்காக வாயை மூடிக்கொண்டாய் என்று அன்றைக்கு நினைத்தேன். தெரியாது என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை குட்டி இருந்திருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் செய்திருக்கும். அதுவும் இல்லை, அவரவர் வழியில் போய்விட்டோம்.

அதனால்தான் குலுக்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். எதிர்ப் பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் ஆட வேண்டியதுதான்.

அறுவை மார்ச் 12.

விசில்


பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் அந்தக் கருவியை நேராக வையுங்கள். அது ஊதுகிற கருவி இல்லை, இழுக்கிற கருவி! குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போகும். நுரையீரல் விரிவதற்காக அதைக் கொடுத்தோம். இத்தனை வருஷ அனுபவத்தில் அதைக் கவிழ்த்துப் போட்டு ஊதின ஒரே நோயாளி நீங்கள்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போதும். உங்களை நான் நீக்க முடியாது. நீங்களாக விலக வேண்டும்.

இந்த ஆய்வில் எத்தனையோ பேரைச் சேர்த்திருக்கிறேன். ‘எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது’ என்று ஒவ்வொருவரிடமும் மனசாரச் சொன்னேன். உங்கள் பெயரைப் பார்த்ததும் அந்தத் தெரியாது போய்விட்டது. சொட்டுப் பக்கம் விழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இது நியாயம் இல்லை என்று தெரிகிறது. மற்றவர்கள் எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு வருஷம் தனியாக இருந்து பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அங்கே உயிரோடு இருக்கிறீர்கள், திட்டுவதற்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்திருக்கிறேன்.

விலகிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்


மார்ச் 2

டாக்டரம்மாவுக்கு,

பந்தை நேராக வைத்து இழுக்கிறேன். ஒன்றுதான் ஏறுகிறது. போன வாரம் வரை எனக்கு இருந்த நல்ல நுரையீரலை நீ கெடுத்துவிட்டாய்.

விலக மாட்டேன். டாஸ் போடச் சம்மதித்துவிட்டு, காசு மேலே போன பிறகு வேண்டாம் என்கிற ஆளை நான் ஆட்டத்திலேயே சேர்ப்பதில்லை. அம்மாவுக்கு எது சரியாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை என்கிறாயே, இனி வருகிறவர்களுக்காவது தெரியட்டும். அதில் நானும் ஒரு ஆளாக இருக்கிறேன்.

உனக்கு ஒரு வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார். உள்ளே வராதே, எதுவும் செய்யாதே. எனக்காக வெளியே ஒரு ஆள் இருக்கிறாள் என்று இருந்தால் போதும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், என்னோடு வீட்டுக்கு வருவாயா என்று கேட்பேன். இப்போதே பதில் எழுதிவிடாதே.

விசில்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அக்கா சொன்னார்கள். குளிக்கும்போது தையலில் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. ஐ.சி.யூ.வில் குழாயை எடுத்த மறு நிமிஷம் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “வெளியே இருந்தியா?” என்று கரகரத்த குரலில் கேட்டீர்கள். “இருந்தேன்” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கும் அன்று கேட்கும் தெம்பு இல்லை.

நீங்கள் சொன்னபடி லீவு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் இருக்கும். தம்பி ஒரு மருந்து எடுக்க வெளியே வந்தான். என்னைப் பார்த்து, “எல்லாம் நல்லாப் போகுது மேடம்” என்று சிரித்தான். நான் எழுந்து நின்றேன்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“மேடம், நீங்க அதைக் கேக்கக் கூடாது.”

“தெரியும். கேக்கிறேன். எந்தப் பக்கம்?”

அவன் சுற்றிலும் பார்த்தான். “சொட்டு” என்றான்.

“மாத்துங்க” என்றேன்.

படித்த காலத்திலிருந்து நான் சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். உள்ளே போனான். காற்றுக்கு மாற்றினான். இதயம் நின்றிருந்த நேரமெல்லாம் எந்திரத்தின் வழியாகவும் அதைக் கொடுத்தான். மறுநாள் காலையிலேயே உங்களுக்குக் குழாயை எடுக்க முடிந்தது. பெரிய டாக்டர் நம்ப முடியாமல் இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“நுரையீரல் மோசமா இருந்ததால நானே மாத்தினேன்னு எழுதிடறேன் மேடம். டாக்டருக்கு அந்த உரிமை இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க” என்றான் தம்பி. உண்மைதான், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் எழுத விடவில்லை. ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். சொன்னது நான், அவன் மேல் தப்பில்லை என்றும் எழுதினேன். ஆய்வுப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அறுவை அரங்குக்குள் போகக் கூடாது. ஆய்வு நிற்கவில்லை, வேறொருவர் நடத்துகிறார். உங்கள் கணக்கைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே வராதே என்று நீங்கள் சொன்ன இடத்தில் கையையே விட்டுவிட்டேன். உங்கள் சம்மதத்தை மீறினேன். மன்னிப்புக் கேட்கிறேன். அதே பெஞ்சில் மறுபடி உட்கார வைத்தால் மறுபடியும் அதையே சொல்வேன் என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால் இந்த மன்னிப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்கப் போவதாக எழுதியிருந்த கேள்வியை இனிக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நான்


ஏப்ரல் 15

அம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை?

எனக்காக ஒரு வார்த்தை சொல்ல உன்னால் முடிந்திருக்கிறது. அதே பெஞ்சு, அதே கதவு. அன்றைக்கு ஒருவர் வெளியே வந்து உன்னைக் கேட்கவே செய்தார். இன்றைக்கு யாரும் கேட்காமலே சொல்லியிருக்கிறாய். என் அம்மா என்ன, வேற்று ஆளா? உன்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாளே, அவளுக்காக உன் விதி ஒரு அங்குலம் வளையவில்லையே.

நான் பிழைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் இது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று தோன்றுகிறது. வேறு எழுத வரவில்லை.


ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

கேட்டது நல்லது. ஏழு வருஷமாக வேறு வேறு வார்த்தையில் கேட்டதை இப்போது நேராகக் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு நான் சொல்லாததற்குக் காரணம், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பெரியவர் வந்து கேட்டபோது என் தலைக்குள் வெறும் இருட்டு. தெரிந்ததை எல்லாம் அவர்கள் உள்ளே ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். சலனமில்லாத முகம் என்று எழுதியிருந்தீர்கள். அது விதியைக் காப்பாற்றுகிறவளின் முகம் இல்லை. ஒன்றும் தெரியாமல் விழிக்கிறவளின் முகம். பெண்டாட்டியே டாக்டராக இருந்தும் அம்மா போய்விட்டாள் என்றால் அந்தப் பெண்டாட்டி எதையோ செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவளுக்கும் தெரியவில்லை என்பதை விட அதைத் தாங்குவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்காக ‘மாத்துங்க’ என்று சொன்னபோதும் எனக்குத் தெரியாது. அந்தக் காற்றுதான் உங்கள் நுரையீரலைக் காப்பாற்றியதா, சொட்டு மருந்திலேயே மறுநாள் எழுந்து உட்கார்ந்திருப்பீர்களா, எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஆளை வைத்து இதைச் சொல்ல முடியும் என்றால் நான் இத்தனை வருஷம் இத்தனை பேரைப் போய்க் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. காற்றுதான் காப்பாற்றியது என்று குழு முன்னால் அடித்துச் சொல்லுங்கள், கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். சொல்லவில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மாவின் அறுவையன்று நான் டாக்டராக உட்கார்ந்திருந்தேன். தெரியாதபோது டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது. மார்ச் 12 அன்று நான் டாக்டராக உட்கார்ந்திருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா மேல் பாசம் குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அதைத் தாங்க மாட்டேன்.

மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

நான்


மே 24

டாக்டரம்மாவுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபத்தில் இல்லை. கடிதத்தை வாசிப்பேன், மடிப்பேன், மறுபடி வாசிப்பேன். “அப்படி என்னதான்டா எழுதியிருக்கா?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாசித்துக் காட்டினேன். “ஏழு வருஷம் முன்னாடியே அவ இதைத்தானே சொன்னா” என்றாள். ஆமாம், இதையேதான் சொன்னாய்.

போன வாரம் உங்கள் குழுவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அக்காவோடு வந்தேன். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றார்கள், அதனால் சொல்லவில்லை. நீளமான மேஜை, ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

“உங்களுக்கு இதனால் பாதிப்பு உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “உங்கள் சம்மதத்தோடு நடந்ததா?” என்றார்கள். இல்லை, வேண்டாம் என்று கைப்பட எழுதியிருந்தேன் என்றேன். அவர்களில் வயதான அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க மனைவி செஞ்சது தப்புன்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டார்.

நீ அந்த அறையில் இல்லை. நான் என்ன சொன்னாலும் உனக்குத் தெரிய வராது. “தப்புதாங்க” என்றேன். “என் இடத்துல வேற யாராவது இருந்திருந்தா அவ மாத்தச் சொல்லியிருக்க மாட்டா. அப்ப அது தப்புதான். விதியில என்ன தண்டனை இருக்கோ அதைக் கொடுங்க. ஒரு இம்மி கூடக் கொடுத்தீங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று உன்னிடம் சொல்லிவிட்டதாக நேற்று அக்காவுக்குத் தம்பி போன் செய்தானாம். அதில் என் கையெழுத்தும் ஒரு பங்கு. நீ வேறு யார் வாயிலாகவும் கேட்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

இனி என் பங்கு. உன் பிழைப்பே போகிற நிலையிலும் ‘காற்றுதான் காப்பாற்றியது’ என்று ஒரு பொய் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானும் உன் காலில் விழுந்திருப்பேன், அவர்களும் விட்டிருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தெரியாது என்கிறவள் அன்றைக்கும் தெரியாமல்தான் தெரியாது என்றிருப்பாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று அவளிடமும் சொல்லிவிட்டேன். நெஞ்சில் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது வால்வு மட்டும் இல்லை போலிருக்கிறது.

கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்த கேள்வியைக் கேட்கவே வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். கேட்கவில்லை. வா என்று சொல்கிறேன். ஆறு மாதம் அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறாயா? இங்கே வந்து என்னைத் திட்டு. அக்கா உனக்காக முன்னறையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டாள். நீ வர மாட்டேன் என்றால் அவளுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு வா. ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போ என்று அக்கா சொல்கிறாள், நான் நடந்துதான் வரப்போகிறேன். தெருமுனையில் ஒரு தடவையும் பாலத்தின் மேல் ஒரு தடவையும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் நான் வந்து சேரக் கொஞ்சம் நேரமானாலும் பதறிவிடாதே. ஸ்டேஷனை விட்டு எங்கும் போகாமல் அங்கேயே இரு, வந்துவிடுவேன்.

உன்,
நான்